எம்பிஐ செயல்திறன் மாறிகளைப் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்பிஐ என்பது பல ப்ராசஸ்கள் செய்தி பரிமாறிக்கொண்டு ஒரே வேலையைச் செய்வதற்கான தரநிலை. அதில் எழுதிய நிரல் மெதுவாக ஓடுகிறது, உங்கள் கோடில் எவ்வளவு துழாவியும் காரணம் சிக்கவில்லை. அந்த நேரத்தில் லைப்ரரிக்குள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க, எம்பிஐ தரநிலையிலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் எம்பிஐ_டி. அதில் லைப்ரரியின் உள்நிலையைக் காட்டும் எண்களுக்குச் செயல்திறன் மாறிகள் என்று பெயர், புழக்கத்தில் பிவார். அவற்றைப் படிக்கப் போகிறவர்களுக்கு வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

எழுத்தைக் குறைக்க ஓர் ஏற்பாடு: கீழே பிவார்_ரீட், பிவார்_கெட்_இன்ஃபோ என்று ஃபங்ஷன் பெயர்கள் வரும் இடங்களில் முன்னால் எம்பிஐ_டி_ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிஎம்பிஐ இருக்கிறதே, அப்புறம் இது எதற்கு?

எம்பிஐ அழைப்புகளை மறிக்க உதவும் பிஎம்பிஐ, 1994-இல் வந்த முதல் எம்பிஐ தரநிலையிலிருந்தே இருக்கிறது. எம்பிஐ_ரிசீவ் போன்ற அழைப்பை நடுவில் மறித்து, நேரம் பார்த்து, உண்மையான ஃபங்ஷனுக்கு அனுப்பிவிடலாம். அதில் கிடைப்பதெல்லாம் வாசலில் நின்று பார்க்கும் தகவல்தான். ரிசீவ் 3 நொடி எடுத்தது என்று தெரியும், ஏன் எடுத்தது என்று தெரியாது. அனுப்பியவர் தாமதமா? செய்தி எப்போதோ வந்துவிட்டு, எதிர்பாராச் செய்திகளின் வரிசையில் ஆயிரத்தோடு ஆயிரமாகக் கிடந்து, அதைத் தேடி எடுக்க நேரம் ஆனதா? இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

2000-களின் நடுவில் பெரூஸ் என்ற முயற்சி இதற்கு விடை தேடியது. இன்னின்ன நிகழ்வுகளை ஒவ்வொரு லைப்ரரியும் காட்ட வேண்டும் என்கிற திசையில் அது போனது. எல்லா லைப்ரரியும் உள்ளே ஒரே மாதிரிக் கட்டப்பட்டவை அல்ல என்பதால் அது தரநிலைக்குள் நுழையவில்லை. 2012 செப்டம்பரில் வெளியான எம்பிஐ 3.0 நேர் எதிர்த் திசையில் போனது. மாறிகளைக் கேட்கும் முறையை மட்டும் தரநிலை வகுக்கும், எந்த மாறியைக் கொடுப்பது என்பது லைப்ரரியின் விருப்பம். எம்பிஐ_டி-யில் உள்ள வசதி, எரிச்சல் இரண்டுக்கும் மூலம் இந்த ஒரே முடிவுதான்.

அப்படியானால் கட்டாயம் இருக்க வேண்டிய மாறிகள் எவை?

எதுவும் இல்லை. பிவார்_கெட்_நம் உங்களிடம் 0 என்று சொன்னாலும் அந்த லைப்ரரி தரநிலைக்கு உட்பட்டதுதான்.

தரநிலைப் புத்தகத்தில் உள்ள உதாரணத்தை அப்படியே எடுத்தேன். எம்பிஐ_டி_யுஎம்க்யூ_லெங்த் என்ற மாறியே கிடைக்கவில்லை.

கிடைக்காது. அது விளக்கத்துக்காக வைத்த பெயர். எதிர்பாராச் செய்தி வரிசை நீளமாக இருக்கும்போது ரிசீவ் அழைக்கப்படுகிறதா என்று பார்க்கும் குட்டிக் கருவி அந்த உதாரணம். உங்கள் லைப்ரரி அதே விஷயத்தை வேறு பெயரில் வைத்திருக்கலாம். எம்பிஐசிஎச் என்ற லைப்ரரியில் அன்எக்ஸ்பெக்டட்_ரிசீவ்க்யூ_லெங்த். ஓப்பன் எம்பிஐ என்ற இன்னொரு லைப்ரரியில், செய்திகளை அனுப்பிப் பெறும் ஓபி1 அடுக்கில் பிஎம்எல்_ஓபி1_அன்எக்ஸ்பெக்டட்_எம்எஸ்ஜிக்யூ_லெங்த்.

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று எண்ணிவிட வேண்டாம். எம்பிஐசிஎச் தருவது ப்ராசஸ் முழுவதற்கும் ஒரே எண். ஓப்பன் எம்பிஐ தருவது ஒரு கம்யூனிகேட்டரோடு, அதாவது தங்களுக்குள் பேசும் ப்ராசஸ் குழுவோடு, கட்டப்பட்ட அரே, ஒவ்வொரு ரேங்குக்கும் (அந்தக் குழுவில் ஒரு ப்ராசஸின் வரிசை எண்) ஓர் எண். மாறி காட்டுவது எந்த மாதிரி அளவு என்று சொல்வது வகுப்பு. முதலாவது லெவல் வகுப்பில் பதிவாகியிருக்கிறது, இரண்டாவது சைஸ் வகுப்பில். ஒரே கருத்துக்கு இரண்டு உருவம். பெயரை மட்டும் மாற்றிப் போட்டு கோடை ஓட்டினால் என்ன ஆகும் என்பது இன்னும் இரண்டு கேள்வி தள்ளி இருக்கிறது.

ஒரு மாறியைப் படிக்க என்ன வரிசையில் போக வேண்டும்?

முதலில் இனிட்_த்ரெட். இது எம்பிஐ_இனிட் அல்ல, தனி. எம்பிஐ_இனிட்டுக்கு முன்பும் அழைக்கலாம், எம்பிஐ_ஃபைனலைஸ் முடிந்த பின்பும் எம்பிஐ_டி உயிரோடு இருக்கலாம். எத்தனை முறை தொடங்கினீர்களோ அத்தனை முறை முடிக்கவும் வேண்டும்.

அடுத்து பிவார்_கெட்_நம் எத்தனை மாறி என்று சொல்லும். 0 முதல் அதற்கு ஒன்று குறைவு வரை ஒவ்வொன்றுக்கும் பிவார்_கெட்_இன்ஃபோ அழைத்துப் பெயரும் விவரமும் வாங்க வேண்டும். வேண்டிய மாறியின் இண்டெக்ஸ் கிடைத்ததும் பிவார்_செஷன்_கிரியேட் (உங்கள் கருவிக்கான தனி அறை), பிறகு பிவார்_ஹேண்டில்_அலாக் (அந்த மாறியைப் படிக்கும் கைப்பிடி). தேவைப்பட்டால் பிவார்_ஸ்டார்ட். அதன்பின் எத்தனை முறை வேண்டுமானாலும் பிவார்_ரீட். முடிந்ததும் ஹேண்டிலை விடுவித்து, செஷனை விடுவித்து, எம்பிஐ_டி-யை ஃபைனலைஸ் செய்யுங்கள்.

பெயர் முன்பே தெரியும் என்றால் லூப் வேண்டாம். 2015-இல் வந்த எம்பிஐ 3.1-இல் பிவார்_கெட்_இண்டெக்ஸ் சேர்ந்தது. அதற்குப் பெயரோடு வகுப்பையும் கொடுக்க வேண்டும். பெயரும் வகுப்பும் சேர்ந்தால்தான் ஒரு மாறி என்று அடையாளம்.

லூப் எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு: நடுவில் ஓர் இண்டெக்ஸுக்கு கெட்_இன்ஃபோ பிழை திருப்பினால் லூப்பை நிறுத்திவிடாதீர்கள், அதைத் தாண்டிப் போங்கள். ஓப்பன் எம்பிஐ-யில் லைப்ரரியின் ஓர் உறுப்பு (காம்பொனெண்ட்) நினைவகத்திலிருந்து இறக்கப்பட்டுவிட்டால் அதன் மாறிகள் செத்துப்போகும், ஆனால் அவற்றின் இண்டெக்ஸ் இடம் காலியாகவே கிடக்கும்.

கெட்_இன்ஃபோ ஒரு டஜன் விவரம் தருகிறது. எதைப் பார்ப்பது?

வகுப்பு, பிணைப்பு, தொடர்ச்சி. இந்த மூன்றையும் பார்க்காமல் படித்த எண்ணை நம்பாதீர்கள். பிவார் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை இந்த மூன்று புலங்களில்தான் இருக்கிறது.

பிணைப்பு என்பது மாறி எந்தப் பொருளோடு கட்டப்பட்டது என்பது: கம்யூனிகேட்டர், விண்டோ, ஃபைல், ரிக்வெஸ்ட் என்று ஏதாவது ஒன்று. எதோடும் கட்டப்படாதது என்றால் பைண்ட்_நோ_ஆப்ஜெக்ட். கட்டப்பட்டிருந்தால் ஹேண்டில்_அலாக்குக்கு அந்தப் பொருளின் முகவரியைக் கொடுக்க வேண்டும். முகவரி என்பதைக் கவனியுங்கள்: எல்லா ரேங்கும் அடங்கிய எம்பிஐ_காம்_வேர்ல்ட் என்ற மதிப்பையே நேராகக் கொடுக்கக் கூடாது. அதை ஒரு மாறியில் வைத்து அந்த மாறியின் பாயிண்டரைக் கொடுக்க வேண்டும். அந்த அளவுரு வாய்ட் பாயிண்டர் என்பதால், தவறாகக் கொடுத்தாலும் கம்பைலர் பல சமயம் வாயே திறக்காது.

தொடர்ச்சி 1 என்றால் மாறி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் தொடங்கவும் முடியாது நிறுத்தவும் முடியாது. 0 என்றால் நீங்கள் ஸ்டார்ட் சொல்லும்வரை அது எண்ணாது.

இவை தவிர ரீட்ஒன்லி, அட்டாமிக் என்று இரண்டு கொடிகள் உண்டு. முதலாவது 1 என்றால் ரைட், ரீசெட் நடக்காது. இரண்டாவது 1 என்றால்தான் பிவார்_ரீட்ரீசெட் வேலை செய்யும். வெர்பாசிட்டி என்பது மாறி யாருக்கானது என்று சொல்கிறது: பயனர், டியூன் செய்பவர், எம்பிஐ லைப்ரரி எழுதுபவர் என மூன்று பிரிவு, ஒவ்வொன்றிலும் மூன்று படி, ஆக 9. நூற்றுக்கணக்கில் மாறிகள் வந்து குவியும்போது வடிகட்ட உதவும், அவ்வளவே.

அரே என்று தெரியாமல் ஓர் அன்சைன்ட் இண்ட் கொடுத்து பிவார்_ரீட் அழைத்தேன். ரீட் சரியாக முடிந்தது, நிரல் எங்கேயோ தள்ளிப் போய் விழுந்தது.

ஹேண்டில்_அலாக்கின் கடைசி அளவுரு கவுண்ட். மாறியில் எத்தனை உறுப்பு இருக்கிறது என்பதை அது திருப்பித் தருகிறது. அதை வாங்கிவிட்டு யாரும் பார்ப்பதில்லை.

64 ரேங்க் உள்ள காம்_வேர்ல்டோடு ஓபி1-இன் எதிர்பாராச் செய்தி மாறியைக் கட்டினால் கவுண்ட் 64. ஒவ்வொன்றும் 4 பைட் அன்சைன்ட் இண்ட். ஆக பிவார்_ரீட் உங்கள் பஃபரில் 256 பைட் எழுதும். பஃபரின் அளவு என்னவென்று கேட்கும் அளவுரு அந்த ஃபங்ஷனில் கிடையாது, செஷன், ஹேண்டில், பஃபர் மூன்றுதான். நீங்கள் 4 பைட் கொடுத்திருந்தால் மீதி 252 பைட் ஸ்டாக்கில் பக்கத்தில் இருப்பவற்றின் மேல் விழும். நிரல் அங்கேயே விழுந்தால் அதிர்ஷ்டம். இரண்டு ரேங்கில் சோதித்தபோது 4 பைட்தான் மிஞ்சியிருக்கும், அதனால் தப்பித்திருப்பீர்கள்.

எனவே கவுண்ட் வந்த பிறகு, டேட்டாடைப்பின் அளவை அதோடு பெருக்கி பஃபரை ஒதுக்குங்கள். அதே கோடை 512 ரேங்கில் ஓட்டினால் 2048 பைட். கோடில் எண்ணாக எழுதி வைக்காதீர்கள்.

எப்போது படித்தாலும் 0 வருகிறது.

இதுதான் அதிகம் வரும் கேள்வி. காரணம் ஐந்தாறு உண்டு, எளிதானதிலிருந்து போவோம்.

தொடர்ச்சி 0 உள்ள மாறியை ஸ்டார்ட் செய்யாமல் படிக்கிறீர்களா என்று பாருங்கள். ஹேண்டில் ஒதுக்கியவுடன் அந்த மாறி நின்ற நிலையில், தொடக்க மதிப்போடு இருக்கும். கவுண்டருக்கு அது 0.

அடுத்தது லைப்ரரி கட்டப்பட்ட விதம். எம்பிஐசிஎச்-இல் இந்த மாறிகள் முன்னிருப்பாகக் கட்டப்படுவதில்லை. கான்ஃபிகர் செய்யும்போது எனேபிள்-எம்பிஐடி-பிவார்ஸ் என்ற தெரிவில் ரிசீவ்க்யூ போன்ற தொகுதியைக் கேட்டு வாங்க வேண்டும். ஓப்பன் எம்பிஐ-யின் எஸ்பிசி எனப்படும் மென்பொருள் கவுண்டர்களும் அப்படித்தான்: எனேபிள்-எஸ்பிசி என்று கட்டவும் வேண்டும், ஓட்டும்போது எம்பிஐ_எஸ்பிசி_அட்டாச் என்ற அளவுருவில் எந்தெந்த கவுண்டர் வேண்டும் என்று பட்டியலிடவோ ஆல் என்று சொல்லவோ வேண்டும். கிளஸ்டரில் அட்மின் போட்டு வைத்திருக்கும் மாட்யூல் பெரும்பாலும் வேகத்தை நினைத்துக் கட்டியதாகத்தான் இருக்கும். உங்கள் ஹோம் டைரக்டரியில் தனியாக ஒன்று கட்டிக்கொள்வதே நல்லது.

மூன்றாவது, வேறு பாதை. ஓபி1 மாறியைத் தேடுகிறீர்கள், ஆனால் வேலை இன்ஃபினிபேண்ட் வலையில் யுசிஎக்ஸ் என்ற வேறொரு தொடர்பு அடுக்கு வழியாக ஓடுகிறது. அப்போது ஓபி1 களத்திலேயே இல்லை, அதன் வரிசையில் எண்ண ஒன்றும் கிடையாது. சோதனைக்காக, செய்தி அடுக்கைத் தேர்ந்தெடுக்கும் பிஎம்எல் அளவுருவில் ஓபி1 என்று வலிந்து கொடுக்கலாம். ஆனால் அப்போது நீங்கள் அளப்பது வேறோர் ஓட்டத்தை. யுசிஎக்ஸ் ஓட்டத்தின் நோயை ஓபி1 ஓட்டத்தில் தேடக் கூடாது.

நான்காவது, தவறான கம்யூனிகேட்டர். நிரல் உங்களுக்குத் தெரியாமல் எம்பிஐ_காம்_டூப் மூலம் கம்யூனிகேட்டரை நகலெடுத்து, அந்த நகலில் பேசிக்கொண்டிருக்கும். நீங்கள் காம்_வேர்ல்டோடு கட்டிக்கொண்டு காத்திருப்பீர்கள். பல எண்ணியல் லைப்ரரிகள் இப்படி டூப் செய்வது வழக்கம்.

கடைசிக் காரணம் கொஞ்சம் நுட்பமானது. செய்தி கணினிக்கு வந்து சேர்வது வேறு, எம்பிஐ லைப்ரரி அதைப் பார்ப்பது வேறு. பெரும்பாலான அமைப்புகளில் எம்பிஐ அழைப்புக்குள் நீங்கள் நுழையும்போதுதான் ப்ரோக்ரஸ் எஞ்சின் ஓடி, வலையிலிருந்து செய்திகளை இழுத்து வரிசையில் போடுகிறது. உங்கள் ரேங்க் 10 நொடி கணக்கிலேயே மூழ்கியிருந்தால், அந்த 10 நொடியும் எதிர்பாராச் செய்தி வரிசை 0 என்றே காட்டும், வெளியே நூறு செய்தி நின்றாலும். பிவார்_ரீட் ப்ரோக்ரஸை ஓட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். செய்தி வந்திருக்கிறதா என்று பார்க்கும் எம்பிஐ_ஐப்ரோப் ஒன்று அழைத்துவிட்டுப் படித்தால் எண் மாறுவதைப் பார்க்கலாம். ஐப்ரோப் சேர்ப்பதே நிரலின் நடத்தையை மாற்றும், அதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்டார்ட் அழைத்தால் நோ_ஸ்டார்ட்ஸ்டாப் என்ற பிழை வருகிறது.

தொடர்ச்சி 1 உள்ள மாறி அது. பிழையை விட்டுவிட்டு நேராகப் படியுங்கள். செஷனில் உள்ள எல்லாவற்றையும் ஒரே அழைப்பில் தொடங்க பிவார்_ஆல்_ஹேண்டில்ஸ் என்று கொடுத்தால், இப்படிப்பட்ட மாறிகளை அதுவே விட்டுவிடும். ஸ்டார்ட், ஸ்டாப், ரீசெட் மூன்றுக்கும் அது செல்லும். ரீடுக்குச் செல்லாது, ஒவ்வொன்றாகத்தான் படிக்க வேண்டும்.

கவுண்டரில் பெரிய எண் நிற்கிறது. என் லூப்பில் மட்டும் எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

இபி மீட்டர் ரீடிங் எடுப்பது போலத்தான்: லூப்புக்கு முன் ஒன்று, பின் ஒன்று, கழித்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்யலாமே என்று தோன்றும். ரீட்ஒன்லி மாறியில் அது முடியாது. முடிகிற இடத்திலும் படிப்பதற்கும் ரீசெட்டுக்கும் நடுவில் நடந்தவை கணக்கில் விட்டுப்போகும். அதற்காகத்தான் ரீட்ரீசெட் என்று ஒரே மூச்சில் செய்யும் ஃபங்ஷன் இருக்கிறது, ஆனால் அட்டாமிக் கொடி உள்ள மாறிக்கு மட்டும்.

கவுண்டர் (எண்ணிக்கை), அக்ரிகேட் (கூட்டுத்தொகை), டைமர் (நேரம்) மூன்று வகுப்பும் நிரம்பி வழிந்து மீண்டும் தொடக்கத்துக்கு வரலாம் என்று தரநிலையே சொல்கிறது. நொடிக்கு 10 ஜிபி அனுப்பும் வலையில், பைட்டுகளைக் கூட்டும் ஒரு 32 பிட் அக்ரிகேட் அரை நொடிக்குள் ஒரு சுற்று வந்துவிடும். டேட்டாடைப் அன்சைன்ட் லாங் லாங் என்றால் கவலை இல்லை. வெறும் அன்சைன்ட் என்றால் அடிக்கடி படியுங்கள். கழித்தலையும் அதே அன்சைன்ட் வகையிலேயே செய்யுங்கள், ஒரு சுற்று வந்திருந்தாலும் வித்தியாசம் சரியாக வரும்.

மற்ற வகுப்புகள்?

மொத்தம் 10. ஸ்டேட் என்பது ஓர் எனம் எண், அதன் பொருளை எனம்_கெட்_ஐட்டம் கொண்டு பெயராக மாற்றிக்கொள்ளுங்கள். லெவல் இந்தக் கணத்தில் ஒரு வளம் எவ்வளவு பயன்பாட்டில் இருக்கிறது என்பது. சைஸ் அதன் மொத்த அளவு, அவ்வளவாக மாறாதது என்று தரநிலை நினைக்கிறது. வரிசை நீளத்தை சைஸ் வகுப்பில் ஓபி1 வைத்திருப்பதைப் பார்த்தால், வகுப்பின் பெயரை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது என்று புரியும், விளக்க வரியையும் படியுங்கள். பர்சன்டேஜ் டபுள் வகையில் 0.0-க்கும் 1.0-க்கும் நடுவில் வரும், 100 வரை என்று எண்ணிக் கிராஃப் போட்டால் தரையோடு தரையாகக் கோடு விழும். டைமர் டபுள் என்றால் எம்பிஐ_டபிள்யுடைமின் அலகு, அதாவது நொடி. முழு எண் என்றால் அலகு எதுவாகவும் இருக்கலாம், விளக்க வரியில்தான் தேட வேண்டும். ஜெனரிக் என்பது எதிலும் அடங்காதவற்றுக்கு.

ஹைவாட்டர்மார்க் மாறியை ரீசெட் செய்தும் 0 ஆகவில்லையே?

ஆகக் கூடாது. உச்சம், அடிமட்டம் காட்டும் இரண்டு வகுப்புக்கும் தொடக்க மதிப்பு, அந்தக் கணத்தில் அந்த வளம் எவ்வளவு பயன்பாட்டில் இருக்கிறதோ அதுவே. வரிசையில் 40 செய்தி நிற்கும்போது ரீசெட் செய்தால் 40-இலிருந்துதான் உச்சம் தொடங்கும்.

உண்மையான பிரச்சினை ஒன்றை இதை வைத்து எப்படிப் பிடிப்பது? ஓர் உதாரணம் வேண்டும்.

பழைய மாஸ்டர்–வொர்க்கர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். 64 ரேங்க், ஓப்பன் எம்பிஐ, ஓபி1. ரேங்க் 0 ஒரு ஃபார் லூப்பில் 1, 2, 3 என்று வரிசையாக ரிசீவ் செய்கிறது. பதில்கள் சிறியவை, ஆகவே ஈகர் முறையில் போகின்றன: பெறுபவர் தயாரா என்று கேட்காமலே அனுப்பப்பட்டுவிடும். ரேங்க் 1-க்கு விழுந்த வேலை மற்றவர்களுடையதைவிடப் பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிஎம்பிஐ மூலம் எம்பிஐ_ரிசீவை மறித்து, உண்மை ரிசீவ் திரும்பியவுடன் பிவார்_ரீட் செய்யுங்கள். ரேங்க் 1-இன் பதில் வந்த உடனே படித்த அரே இப்படி இருக்கும்: 0, 0, 1, 1, 1 என்று கடைசிவரை 1. முதல் 0 ரேங்க் 0-க்கே உரியது, இரண்டாவது 0 இப்போதுதான் எடுத்துக்கொண்ட ரேங்க் 1. மீதி 62 பேரின் பதிலும் வந்து, எடுக்க ஆளில்லாமல் எதிர்பாராச் செய்தியாகக் கிடக்கிறது. நேரக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் முதல் ரிசீவ் நீளம், மற்றதெல்லாம் மின்னல் வேகம், வலையில்தான் ஏதோ கோளாறு என்று போயிருப்போம். அரே சொல்வது வேறு: வலை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது, பெறும் வரிசைதான் தவறு.

எம்பிஐ_எனி_சோர்ஸ் போட்டு வந்தவரிடம் வாங்கிக்கொள்ளலாம், அல்லது 63 ஐரிசீவ்களை (காத்து நிற்காத ரிசீவ்) முன்கூட்டியே போட்டுவிட்டு வெயிட்எனியில் நிற்கலாம். இரண்டாவதில் எதிர்பாராச் செய்தி எண் சரிந்து, போஸ்டட்_ரிசீவ்க்யூ_லெங்த் ஏறுவதைப் பார்க்கலாம். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். செய்தி நேராக உங்கள் பஃபருக்கே போவதால் நடுவில் ஒரு காப்பி மிச்சம்.

ஆனால் ரேங்க் 1-க்கு வேலை அதிகம் என்ற மூலக் காரணம் இதனால் தீராது. மற்ற 62 பதில்களின் மேல் செய்ய வேண்டிய வேலையை ரேங்க் 0 அதற்குள் முடித்திருக்கும், அந்த அளவுக்குத்தான் லாபம்.

பெரிய செய்திகளில் கதை மாறும். ராண்டேவூ முறையில் முதலில் தலைப்பு மட்டும் வரும், தரவு பின்னால். வரிசையின் நீளம் அதே 62 காட்டலாம், நினைவகம் அதிகம் போகாது. நினைவகம்தான் உங்கள் பிரச்சினை என்றால் எம்பிஐசிஎச்-இல் உள்ள அன்எக்ஸ்பெக்டட்_ரிசீவ்க்யூ_பஃபர்_சைஸ் போன்ற மாறி நீளத்தைவிட உபயோகம்.

ரேங்க் 0-இல் இண்டெக்ஸ் கண்டுபிடித்து மற்றவர்களுக்கு ப்ராட்காஸ்ட் செய்யலாமா?

கூடாது. ஒரே பெயர் எல்லா ரேங்கிலும் ஒரே பொருளைக் குறிக்கும், ஆனால் இண்டெக்ஸ் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயரை அனுப்புங்கள், ஒவ்வொரு ரேங்கும் தானே தேடிக்கொள்ளட்டும்.

எம்பிஐ_இனிட்டுக்கு முன் எண்ணிய எண்ணிக்கையையும் நம்ப வேண்டாம். உறுப்புகள் ஏற ஏற மாறிகள் கூடும். கூடலாம், குறையாது. ஒருமுறை கொடுத்த இண்டெக்ஸ் அந்த ப்ராசஸுக்குள் மாறவும் செய்யாது.

வேலை முழுவதற்குமான கூட்டுத்தொகை எப்படிக் கிடைக்கும்?

எம்பிஐ_டி தராது. அதன் அழைப்பு ஒவ்வொன்றும் அந்தந்த ப்ராசஸோடு முடிந்துவிடும். நீங்களே ரெட்யூஸ் செய்துகொள்ள வேண்டியதுதான். எல்லா மாறிகளையும் முதலில் படித்து உள்ளூர் அரேயில் வைத்துவிட்டு, பிறகு ரெட்யூஸ் செய்யுங்கள். ஒன்று படித்து ஒன்று ரெட்யூஸ் என்று போனால் உங்கள் ரெட்யூஸின் செய்திகளே அடுத்த கவுண்டரில் ஏறி உட்காரும். அதற்கென காம்_டூப் செய்த தனி கம்யூனிகேட்டர் வைத்துக்கொள்வது இன்னும் சுத்தம்.

சராசரி மட்டும் எடுத்து நிறுத்திவிடாதீர்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 64 ரேங்குக்குச் சராசரி எடுத்தால் ஒன்றுக்கும் கீழே வரும், ரேங்க் 0 அதில் கரைந்தே போகும். அதிகபட்சமும் அது எந்த ரேங்க் என்பதும் வேண்டும், எம்பிஐ_மேக்ஸ்லாக் அதற்காகத்தான் இருக்கிறது.

பிவார் செஷனும் எம்பிஐ 4.0-இல் வந்த செஷனும் ஒன்றா?

இல்லை, பெயர் மட்டும் இடித்துக்கொண்டது. பிவார் செஷன் என்பது ஒரு கருவிக்கான தனி அறை. ஒரே நிரலில் இரண்டு கருவிகள் ஒரே கவுண்டரைப் பார்க்கும்போது, ஒன்று ரீசெட் செய்தால் மற்றதன் கணக்கு கெடக் கூடாது என்பதற்காக வைத்தது.

தனி த்ரெட் வைத்து ஒவ்வொரு மில்லிநொடியும் படிக்கலாமா? சிக்னல் ஹேண்ட்லரில்?

த்ரெட் என்றால், இனிட்_த்ரெடில் கேட்டது என்ன, ப்ரொவைடட் என்று திரும்பி வந்தது என்ன என்று பாருங்கள். எம்பிஐ_இனிட்_த்ரெடில் மல்டிபிள் வாங்கிவிட்டேன் என்பது எம்பிஐ_டி-க்குப் போதாது, அது தனிக் கணக்கு. சிக்னல் ஹேண்ட்லரைப் பொறுத்தவரை, தொடங்கும், நிறுத்தும், படிக்கும், ரீசெட் செய்யும் ஃபங்ஷன்கள் அப்படிப்பட்ட இடத்திலும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று தரநிலை வலுவாகப் பரிந்துரைக்கிறது. பரிந்துரைதான், கட்டளை அல்ல. ஹேண்டில் ஒதுக்குவது போன்ற வேலைகளை எப்படியும் அங்கே வைக்காதீர்கள்.

பிழை வந்தால் நிரலே நின்றுவிடுமா?

நிற்காது. எம்பிஐ_டி அழைப்புகள் எரர் ஹேண்ட்லரைக் கூப்பிடுவதில்லை, பிழை எண்ணைத் திருப்பித் தருவதோடு சரி. அதனாலேயே அந்த எண்ணை ஒவ்வொரு முறையும் நீங்கள் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால், எழுதப்படாத பஃபரில் இருந்த பழைய குப்பையை மாறியின் மதிப்பு என்று நம்பி அறிக்கை எழுதுவீர்கள்.

கோட் எழுதாமல் பார்க்க ஏதாவது வழி?

பட்டியல் மட்டும் போதும் என்றால் எம்பிஐசிஎச்-ஓடு எம்பிஐவார்ஸ் என்ற சிறு கட்டளை வருகிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்திலிருந்து வந்த வார்லிஸ்ட் எந்த லைப்ரரியிலும் பட்டியல் போடும், அதன் கூட்டாளியான ஞான் என்ற கருவி எம்பிஐ_இனிட்டையும் ஃபைனலைஸையும் மறித்து நடுவில் மாறிகள் எவ்வளவு மாறின என்று காட்டும். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் டவ் கருவியும் பிவார்களைச் சேகரிக்கும், ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் எம்வாபிச்-2 உடன் அதை இணைத்து வேலை செய்திருக்கிறார்கள். ஓப்பன் எம்பிஐ எஸ்பிசி-க்கு எம்பிஐ_எஸ்பிசி_டம்ப்_எனேபிள்ட் என்று கொடுத்தால் ஃபைனலைஸின்போது தானே அச்சிட்டுவிடும். முதல் பார்வைக்கு அது தாராளமாகப் போதும்.

என் நிரல் ஃபோர்ட்ரானில் இருக்கிறது.

எம்பிஐ_டி-க்கு சி மொழி மட்டும்தான். நிரலைத் தொட வேண்டாம்: மறிக்கும் கருவியை சி-யில் ஷேர்ட் லைப்ரரியாகக் கட்டி எல்டி_ப்ரீலோட் வழியாக ஏற்றுங்கள். ஃபோர்ட்ரான் அழைப்புகள் உங்கள் சி மறிப்புக்குள் வருமா என்பது லைப்ரரியைப் பொறுத்தது. வராவிட்டால் ஃபோர்ட்ரான் பெயரிலும் ஒரு மறிப்பு எழுதி, கம்யூனிகேட்டரை எம்பிஐ_காம்_எஃப்2சி கொண்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

2021-இல் எம்பிஐ 4.0 நிகழ்வுகளைச் சேர்த்துவிட்டதே. இனி பிவார் தேவையா?

நிகழ்வு என்றால் லைப்ரரிக்குள் ஒன்று நடந்ததும் உங்கள் கால்பேக்கை அது கூப்பிடும். எப்போது நடந்தது, எந்த வரிசையில் நடந்தது என்று தெரிய வேண்டுமானால் அதுதான் சரி. எத்தனை, எவ்வளவு என்ற கேள்விக்கு பிவார் மலிவு, நீங்கள் கேட்கும்போது மட்டும்தான் படிக்கும் செலவு. நிகழ்வுகளுக்கும் இதே விதிதான்: எவை இருக்கும் என்று தரநிலை சொல்லாது. உங்கள் கிளஸ்டரில் உள்ள லைப்ரரியில் ஈவென்ட்_கெட்_நம் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள், 0 என்றால் பிவாரே கதி.